ஃபிளாப்பிக்குள் ஒரு கார்

“ஏனுங் சார், இதை எந்த ஓட்டையில சொருகறதுன்னு நம்ம கம்ப்யூட்டரே முழிக்குது.”

மோனிஷா அந்தக் கறுப்புச் சதுரத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். மூன்றரை அங்குல ஃபிளாப்பி. அவள் பள்ளிக்கூடம் போகும் முன்பே உலகம் கைகழுவிவிட்ட பொருள்.

“வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு கண்ணு. டிரைவ் கொண்டாந்தியா?”

“கொண்டாந்துட்டனுங்க. பழைய எம்பிராய்டரி மெஷின் வெச்சிருக்கற மூணு கம்பெனி ஏறி இறங்குனேன். ரெண்டு பேரு சிரிச்சாங்க. மூணாமத்தவரு சிரிச்சுட்டுக் கொடுத்தாரு.”

காதர்பேட்டையில் ஒரு மொத்த பனியன் கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறினால் வரும் ஒற்றை அறைதான் கிட்டுசாமியின் துப்பறியும் அலுவலகம். கீழே இந்தியிலும் தமிழிலும் பேரம் நடக்கும் சத்தம் நாள் முழுக்க மேலே வந்துகொண்டே இருக்கும். கிட்டுசாமி பதினெட்டு வருடம் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் செக்கிங் வேலை பார்த்தவர். சரக்கு வாங்க வரும் வெள்ளைக்கார பையர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் சிக்காத ஊசி ஓட்டை இவர் கண்ணுக்குச் சிக்கும். துணியில் ஓட்டை பார்த்துச் சலித்துப்போய், மனிதர்கள் சொல்லும் கதைகளில் ஓட்டை பார்க்க வந்துவிட்டார். மோனிஷா அவரிடம் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. சம்பளத்துக்கு வேலை செய்வாள், வாய்க்குத் தனியாக எதுவும் கேட்பதில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ரோஸ்மேரிக்கு ஐம்பத்து மூன்று வயது. சாத்தான்குளம் பக்கத்து ஊர். கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்து, முப்பது வருடமாகப் பனியன் கம்பெனிகளில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்ப்பவர். கணவர் ஜெபமணி போன மாதம் இறந்துவிட்டார். அவருடைய பெட்டியைச் சுத்தம் செய்தபோது, பைபிள் உறைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இந்த ஃபிளாப்பி இருந்ததாம்.

“திரும்ப ஒருதரம் சொல்லுங்கம்மா. அந்த நாளைப் பத்தி,” என்றார் கிட்டுசாமி.

ரோஸ்மேரி கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“ரெண்டாயிரத்து ஒண்ணு சார். ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டுக்காரரு ராயபுரத்துல ஒரு எம்பிராய்டரி கம்பெனியில கம்ப்யூட்டர் பாத்தாவ. அன்னைக்கு அவசர சரக்குன்னு அவிய மட்டும் வேலைக்குப் போனாவ. என் தம்பி ராபின் டெம்போ ஓட்டுனான். சரக்க ஏத்திக்கிட்டு நாலரைக்குள்ள பல்லடம் ரோட்டு குடோன்ல இறக்கணும். இல்லன்னா கண்டெய்னர் போயிரும். மத்தியானமே குடுத்துருக்க வேண்டிய சரக்கு. நாலு மணிக்குத்தான் வண்டிய எடுத்திருக்கான். பறந்துருக்கான். நாலேகாலுக்கு லாரியில போய்...”

 

“ஏன் லேட்டாச்சு?”

“அவியளே சொன்னாவ. பொணத்த வச்சுக்கிட்டு நான் கேட்டேன். ஏன் லேட்டாச்சுன்னு. ‘நான் கம்ப்யூட்டர்ல கேம் ஆடிட்டு இருந்துட்டேன் ரோசு, வேலை முடிய நேரமாயிட்டு’ன்னாவ. அவ்வளவுதான் சார். அன்னைக்கு வாய மூடுனவ நான். அம்மா போனப்புறம் நான் இடுப்புல தூக்கி வளத்த பிள்ள ராபின். இருபத்துநாலு வருசம் ஒரே வீட்டுல இருந்தோம். சோறு வச்சேன், துணி துவச்சேன், ஆஸ்பத்திரியில கூட இருந்தேன். அவியகிட்ட நான் ஒரு வார்த்த பேசல.”

மோனிஷா டிரைவின் வயரைக் கம்ப்யூட்டரில் செருகினாள்.

“கடைசி ராத்திரி அவிய என்னையே பாத்துட்டு இருந்தாவ. அப்பவும் நான் பேசல. இப்போ மனசு அரிக்கி சார். அவிய பொய்யே பேசத் தெரியாத ஆளு. ஆனா கேமெல்லாம் ஆடுற ஆளும் இல்ல. நெசமாவே ஆடுனாவளா? அது மட்டும் எனக்குத் தெரியணும். ஆடியிருந்தா நான் செஞ்சது சரி. ஆடலன்னா...”

கைக்குட்டை மறுபடி பிரிந்தது. கிட்டுசாமி மோனிஷாவைப் பார்த்துத் தலையசைத்தார். டிரைவ் கரகரவென்று இருமிக்கொண்டு ஃபிளாப்பியை விழுங்கியது.

“எமுலேட்டர்னு ஒண்ணு இருக்குதுங்கம்மா,” மோனிஷா விசைகளைத் தட்டிக்கொண்டே விளக்கினாள். “புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய கம்ப்யூட்டர் வேஷம் போட்டு விடறது. அந்தக் காலத்து டாஸ் கேம் அத்தனையும் இதுல ஓடும். எங்க சாருக்கும் இதே மாதிரி ஒண்ணு இருந்தா இருபது வயசு ஆக்கிரலாம்.”

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. ஏதோ ஸ்டைல் நம்பரைப் பெயராக வைத்த ஒரு ஃபோல்டர். திறந்து தட்டியதும் திரை பச்சையானது. மலைப்பாதை, ஒரு சிவப்புக் கார், கட்டங்கட்டமாக மேகம். முதலாளி கண்ணில் படாமல் இருக்க கேமுக்குச் சரக்கின் பெயரை வைத்திருக்கிறார்கள். சிறந்த நேரங்களின் பட்டியலில் முதல் பெயர்: JEBA.

ரோஸ்மேரி கண்ணை மூடிக்கொண்டார்.

“அவசரப்படாதீங்க. பேரு யாரு வேணாலும் போடலாம். கண்ணு, அந்த ஃபைல் எப்பப் பதிவாச்சுன்னு பாரு.”

“ஜனவரி ஒண்ணு, 1980. மணி ஏழு பத்து.” மோனிஷா புருவத்தைத் தூக்கினாள். “ஏனுங்கம்மா, உங்க வீட்டுக்காரருக்கு அப்ப என்ன வயசு?”

“ஒம்பது இருக்கும்.”

“ஒம்பது வயசுல, இந்த கேமை இன்னும் யாரும் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே ஆடிட்டாருங் சார். கெட்டிக்காரரு.”

“தேதியை விடு. ஏழு பத்து?”

“காலையில ஏழு பத்துன்னு காட்டுதுங்க.”

“அது இருக்காது,” என்றார் ரோஸ்மேரி. “அன்னைக்குக் காலம்பற ஏழு மணிப் பூசையில என் பக்கத்துலதான் நின்னாவ. எட்டு மணிக்கு மேலதான் வேலைக்குப் போனாவ.”

தேதியும் பொய், மணியும் பொய். இரண்டும் பொய் என்றால் இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும். கிட்டுசாமி ஹெல்மெட்டை எடுத்தார்.

“அம்மா, டீ சொல்றேன், குடிச்சுட்டு இங்கயே இருங்க. ராயபுரம் வரைக்கும் போயிட்டு வந்தர்றோம்.”

*

அந்த எம்பிராய்டரி கம்பெனி இப்போது இல்லை. அதன் முதலாளி அய்யாசாமி இருந்தார். மகன் கட்டிய மூன்று மாடி வீட்டின் கீழ்த்தளத்தில், பழைய மெஷின்களின் உதிரிப் பாகங்களுக்கு நடுவே தினமணியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஜெபமணிங்களா? தங்கமான பையனுங்க. சாவுக் கேதத்துக்கு வந்திருந்தேன். அந்த ஒரு நாளு புத்தி கெட்டுப்போச்சு, என்ன பண்றது?”

“அன்னைக்கு நீங்க கம்பெனியில இருந்தீங்களா?”

“இல்லீங்க. குண்டடத்துல கல்யாணம். காலையில நான்தான் வந்து தொறந்துவிட்டேன். சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிட்டு, மெயினைப் போட்டு, கம்ப்யூட்டரையும் போட்டுட்டுக் கிளம்பிட்டனுங்க. அதைய வேற யாரையும் போட விடமாட்டேன். எட்டரைன்னா எட்டரை. ஷிப்ட் டைம் பாருங்க.”

“அந்தக் கம்ப்யூட்டர்ல தேதி சரியா இருக்குமுங்களா?”

அய்யாசாமி சிரித்துவிட்டார். “அதுல உள்ளார ஒரு பேட்டரி இருக்குமுங்க, அது செத்து ரெண்டு வருசம். போட்டவுடனே தேதி என்ன, மணி என்னன்னு கேக்கும். எங்களுக்கெங்க நேரம்? ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயிருவோம்.”

கிட்டுசாமி மெதுவாகக் கேட்டார்:

“அப்பிடித் தட்டுனா அது ஜனவரி ஒண்ணு, 1980ன்னு எடுத்துக்கும். மணி பூஜ்யத்துல இருந்து ஓட ஆரம்பிக்கும். அப்படித்தானுங்களே?”

“ஆமாங்க. ஒவ்வொரு நாளும் அதுக்குப் புது வருசந்தான்.”

“கரண்ட் போனா?”

“போனா மறுபடி பூஜ்யத்துல இருந்துதான் வரோணும்.”

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது மோனிஷாவுக்கும் பிடிபட்டிருந்தது. ஏழு பத்து என்பது மணியே அல்ல, கம்ப்யூட்டரைப் போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்கிற கணக்கு. எட்டரையோடு ஏழு மணி பத்து நிமிடத்தைக் கூட்டினால் மூன்று நாற்பது.

“மூணு நாப்பதுக்கு ஆடி முடிச்சிருக்காருங்க. நாலு மணிக்கு டெம்போ கிளம்பிருக்குது.” அவள் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. “அப்ப அவரு சொன்னது நெசந்தானுங்க.”

“ஆமா கண்ணு.”

“ஒரு ஆளு பொய் சொல்லியிருக்கோணும்னு நான் வேண்டிக்கிட்டது இதுதான் மொதல் தடவைங் சார்.”

*

கிட்டுசாமி சுற்றி வளைக்காமல் சொன்னார். மூன்று நாற்பதுக்கு அந்தக் கம்ப்யூட்டரில் கேம் ஓடியிருக்கிறது, ஜெபமணியின் பெயரில்.

ரோஸ்மேரி அழுவார் என்று நினைத்திருந்தார். அழவில்லை. நெஞ்சில் கையை வைத்து மூச்சை நீளமாக விட்டார். இத்தனை வருடம் சுமந்த மூட்டையை இறக்கி வைத்த முகம் அது. பார்க்கவே கிட்டுசாமிக்குக் கஷ்டமாக இருந்தது.

“அப்போ நான் செஞ்சது தப்பில்ல. இல்லையா சார்?”

“அவரு சொன்னது பொய்யில்லீங்கம்மா.”

“போதும் சார். இனிமே நான் நிம்மதியா தூங்குவேன். அந்தச் சனியன நீங்களே ஒடச்சுப் போட்டுருங்க.” கைக்குட்டையைப் பையில் வைத்தார், செருப்பை மாட்டினார், படி இறங்கத் தொடங்கினார். மூட்டு வலி. ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் மேலே கேட்டது.

மோனிஷா ஃபிளாப்பியை வெளியே எடுக்கப் போனாள். கிட்டுசாமி அவள் கையைத் தடுத்தார். செக்கிங் டேபிளில் ஒரு பீஸை ஓரமாக எடுத்து வைக்கும் முன் மறுபக்கமும் திருப்பிப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். பட்டியலில் கேமுக்குக் கீழே இன்னொரு ஃபைல் இருந்தது. காலையில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

“இது என்ன?”

“பேக்கிங் லிஸ்டுங்க. எத்தனை பீஸ், என்ன கலர், என்ன சைஸ்னு. உள்ளார தேதி அடிச்சிருக்குது. அதே ஞாயித்துக்கிழமை.” அவள் நேரத்தைப் பார்த்தாள். “அஞ்சு மணி, அஞ்சு நிமிசம்.”

எட்டரையோடு கூட்டினால் ஒன்று முப்பத்தைந்து.

கடைசி பீஸை எண்ணாமல் பேக்கிங் லிஸ்ட் போடும் வழக்கம் திருப்பூரில் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. ஒன்று முப்பத்தைந்துக்கு லிஸ்ட் இருக்கிறதென்றால் ஒன்று முப்பத்தைந்துக்குச் சரக்கு தயார். கிட்டுசாமி அய்யாசாமிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஒரு சின்ன சந்தேகமுங்க. லிஸ்ட் போட்ட ஃபிளாப்பிய என்ன பண்ணுவீங்க?”

“சரக்குக்கு ஒரு புது ஃபிளாப்பிங்க, டிரைவர் கையில கொடுத்துருவோமுங்க. சரக்கோட போய் ஆர்டர் கொடுத்த கம்பெனி ஆபீஸ்ல கொடுக்கோணும். ஃபிளாப்பி டிரைவர் கைக்குப் போயிருச்சுன்னா சரக்கு போன மாதிரி. அப்புறம் எங்க பொறுப்பில்லீங்க.”

“அன்னைக்குப் போனது?”

“எங்கீங்க போயி சேந்துச்சு? வண்டியோட அதும் போச்சு. போலீஸ் ஸ்டேசன்ல அந்தப் பையனோட சாமானம் எல்லாம் ஜெபமணிதான் கையெழுத்துப் போட்டு வாங்குனான்.”

போனை வைத்தபின் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்று முப்பத்தைந்துக்குப் பிறகு இந்த ஃபிளாப்பி ராபின் கையில் இருந்திருக்கிறது. மூன்று நாற்பதுக்கு இதிலிருந்துதான் கேம் ஓடியிருக்கிறது.

“அப்ப அந்த JEBAங்கற பேரு?” என்றாள் மோனிஷா. தானே கேமைத் திறந்து புது ஆட்டம் ஒன்றைத் தட்டினாள். பெயர் கேட்கும் இடத்தில் JEBA என்று ஏற்கெனவே இருந்தது. கம்ப்யூட்டரில் எப்போதோ ஒரு முறை அடித்த பெயரை, ஃபிளாப்பிக்கு மாற்றியபோதும் கேம் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அடுத்து ஆடியவன் அதை அழிக்காமல் எண்டரைத் தட்டியிருக்கிறான், அவ்வளவுதான்.

கீழே படிச் சத்தம் இன்னும் கேட்டது.

“சார், விட்டுருங்க.” மோனிஷா எழுந்து கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். “கும்புட்டுக் கேக்கறேன். அந்தம்மா நிம்மதியாப் போறாங்க. இதையச் சொன்னா புருசனும் போச்சு, தம்பியும் போச்சு, நிம்மதியும் போச்சு. யாருக்கு என்ன லாபம்?”

“ஓட்டை இருக்கற பீஸை நல்ல பீஸுன்னு சொல்லி அனுப்பச் சொல்றியா?”

“இது துணி இல்லீங் சார்.”

அவள் சொன்னது சரி. அதனால்தான் அவர் ஒரு நிமிடம் நின்றார். ஜெபமணி மறைக்க வேண்டும் என்று நினைத்ததைத் தான் ஏன் திறக்க வேண்டும் என்றும் யோசித்தார். ஆனால் அந்த மனிதர் மறைக்க நினைத்திருந்தால் ஃபிளாப்பியை எப்போதோ அடுப்பில் போட்டிருக்கலாம். பைபிளோடு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தான் போனபின் மனைவி கண்ணில் படட்டும் என்று ஒரு மூலையில் ஆசை இருந்திருக்கிறது. அந்த ஆசையை நிறைவேற்ற வேறு யார் இருக்கிறார்கள்?

“அம்மா,” என்று படிக்கட்டில் குரல் கொடுத்தார். “ஒரு நிமிசம் மேல வாங்க.”

ரோஸ்மேரி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். கிட்டுசாமி சரக்கு தயாரான நேரத்தைச் சொல்லவில்லை, ஃபிளாப்பி யார் கையில் இருந்தது என்றும் சொல்லவில்லை. முதலில் ஒன்று கேட்டார்.

“உங்க வீட்டுக்காரரு என்ன வண்டி ஓட்டுவாருங்க?”

“வண்டியா? சைக்கிளே விடத் தெரியாது சார். எங்க போனாலும் நடைதான். ராபின் பின்னால உக்காந்து போகவே பயப்படுவாவ.”

“இந்த கேம்ல ஜெயிச்ச ஆட்டம் முழுசாப் பதிவாயிருக்குதுங்க. ஆடுன ஆளு எப்படி ஓட்டுனாரோ அதே மாதிரி மறுபடி ஓடும். பாருங்க.”

மோனிஷா தலையைக் குனிந்துகொண்டு விசையைத் தட்டினாள்.

சிவப்புக் கார் கிளம்பியது. தானாக கியர் மாறும் வசதி கேமில் இருந்தது. ஓட்டியவன் அதைத் தொடவில்லை. மேடு வரும் முன்பே கியரைக் குறைத்தான், ஏறியதும் கூட்டினான். எதிரே வந்த கார்களெல்லாம் வெளிநாட்டு முறைப்படி இவனுக்கு இடது பக்கமாக வர, இவன் நம்மூர்ப் பழக்கத்தில் வளைவுக்கு வளைவு இடது ஓரம் போய் முட்டப் பார்த்து, சட்டென்று விலகினான். டெம்போ ஓட்டிப் பழகிய கை. இருபத்துநான்கு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அசைந்த விரல்கள், இப்போது இந்த அறையில் மறுபடி அசைந்துகொண்டிருந்தன.

கார் கடைசிக் கோட்டைத் தாண்டியது. தாண்டிய கையோடு ஹாரன் அடித்தது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. பழைய கம்ப்யூட்டரின் கீச்சுக் குரலில்.

ரோஸ்மேரி எழுந்து நின்றுவிட்டார்.

“ராபின்.”

மோனிஷா விசையிலிருந்து கையை எடுத்தாள்.

“எங்க காம்பவுண்டுக்குள்ள வண்டி திரும்பும்போது இப்படித்தான் சார் அடிப்பான். ‘அக்கா, சோத்தப் போடு’ன்னு அர்த்தம். நான் தட்டக் கழுவ எந்திரிப்பேன்.” கை திரையைத் தொட்டது. “இதுல மட்டும் நல்லபடியா போய்ச் சேந்துட்டாம்லா.”

அதற்குப் பிறகுதான் கிட்டுசாமி மற்றதைச் சொன்னார். ஒன்று முப்பத்தைந்து. பேக்கிங் லிஸ்ட். டிரைவர் கையில் கொடுத்த ஃபிளாப்பி. ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம்’ என்று உட்கார்ந்த இருபத்து மூன்று வயதுப் பையன். கிளம்புடா கிளம்புடா என்று ஜெபமணி எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பது எந்த ஃபைலிலும் இல்லை.

“அப்போ எதுக்கு அவிய, நான்தான் ஆடுனேன்னு சொன்னாவ?”

“நீங்க வளத்த புள்ளைங்க. அவன் நேரத்த வீணாக்கித்தான் செத்தான்னு தெரிஞ்சா உங்க கோவம் அவன் மேல திரும்பும். செத்தவங்க மேல வந்த கோவத்தைத் தீத்துக்க வழியே இல்லீங்கம்மா. உசுரோட இருக்கற என்மேல வரட்டும், ரெண்டு மாசத்துல தீந்துரும்னு நெனச்சிருப்பாரு.”

ரோஸ்மேரி மெல்ல உட்கார்ந்தார். மோனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“நான் தீக்கவே இல்லையே சார்,” என்றார். “அவிய காத்துக்கிட்டே இருந்துருக்காவ.”

திரையில் ஆட்டம் முடிந்து, மறுபடி ஓட்டவா என்று கேட்டுக்கொண்டிருந்தது. ரோஸ்மேரி அதைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

“ஏங்க,” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும் “ஏங்க” என்றுதான் கூப்பிட்டார்.